காலில் சின்னச் சின்னப் புள்ளிகள்: திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

கேள்வி: 14 அக்டோபர் 2023, மாலை 6.40

பையனுக்கு நாலு வயது. இன்று குளிப்பாட்டும்போது பார்த்தேன், இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே பேனா முனையால் குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு வாரம் முன்னால் சளிக்காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இப்போது வீட்டைத் தலைகீழாக்கி விளையாடுகிறான். கொசுக்கடிதான், மஞ்சள் தடவு என்கிறார் அத்தை. நாளை ஞாயிறு. திங்கள் வரை பார்க்கலாமா?

14 அக்டோபர் 2023, இரவு 7.05

நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், இரண்டு பேரையும் இந்த மாதிரித் தடிப்புகளுக்காகத் தூக்கிக்கொண்டு ஓடியவள். என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: தோலைப் பார்க்காதே, பிள்ளையைப் பார். சாப்பிடுகிறானா, சிரிக்கிறானா, ஒன்றுக்குப் போகிறானா? காய்ச்சல் இல்லாமல் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு ஒரு நாள் பொறுக்கலாம். திங்கள் காலையில் காட்டுங்கள்.

14 அக்டோபர் 2023, இரவு 9.20

மேலே நான் எழுதியதை நம்ப வேண்டாம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. "அரிப்பு இல்லை", "பேனா முனை" என்று எழுதியிருக்கிறீர்கள். கொசுக்கடி அரிக்கும், கொஞ்சம் மேடாக இருக்கும், நடுவில் கடித்த தடம் தெரியும். முக்கியமாக, இரண்டு காலிலும் ஒரே மாதிரி தூவிவிட்டது போல வராது.

இப்போதே ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டைப் புள்ளிகள் மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள். கண்ணாடி வழியாகப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்து, எடுத்ததும் திரும்பி வந்தால் இரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது. அழுத்தியும் அப்படியே நின்றால் இரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலில் தங்கிவிட்டது என்று பொருள். அப்படி என்றால் திங்கள் இல்லை, ஞாயிறு இல்லை, இன்று ராத்திரி. பிள்ளை எவ்வளவு ஓடினாலும் சரி.

14 அக்டோபர் 2023, இரவு 9.35

எவர்சில்வர் டம்ளர் ஆகாது, அதற்குள் பார்க்க முடியாதே. வீட்டில் கண்ணாடி டம்ளர் இல்லை என்றால் ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எதுவானாலும் போதும். பக்கம் வழவழப்பாக, தெளிவாக இருக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் போதாது, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈறு, மேலண்ணம், முதுகு, பிட்டம் எல்லாம் பாருங்கள். கால் புள்ளி ஒன்றைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வட்டத்தைத் தாண்டிப் பெருகினால் அதுவே ஒரு பதில்.

15 அக்டோபர் 2023, காலை 11.15

கேள்வி கேட்ட தங்கச்சி ராத்திரியே எழுதியிருக்கிறார். புள்ளி மறையவில்லை, வாய்க்குள்ளும் இரண்டு இருந்திருக்கின்றன. பத்தரை மணிக்கு ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய்விட்டார்கள். பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் அணு, 11,000. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது.

நான் முதலில் எழுதியதைக் கேட்டு அவர் தூங்கப் போயிருந்தால் என்று இரவெல்லாம் யோசித்தேன். அதனால் அந்தக் குறிப்பை அழிக்கவில்லை. "விளையாடுகிறான், அதனால் ஒன்றுமில்லை" என்பது எவ்வளவு இயல்பாக வாயில் வருகிறது என்று பிறகு படிப்பவர்களுக்குத் தெரியட்டும்.

15 அக்டோபர் 2023, இரவு 8.50

ஐடிபி என்று சொல்லியிருக்கிறார்கள். சளிக்காய்ச்சல் மாதிரி ஒன்று வந்து போன ஓரிரு வாரங்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த பிளேட்லெட்டையே அழிக்க ஆரம்பிக்கும். பிள்ளைக்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதுதான் இதில் ஏமாற்றுகிற இடம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

"தானாகச் சரியாகும் என்றால் எதற்கு ராத்திரியில் ஓட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஐடிபி என்று வீட்டில் இருந்தபடி எப்படிச் சொல்வீர்கள்? இதே புள்ளி இரத்தப் புற்றுநோயிலும் வரும், டெங்குவிலும் வரும், மூளைக்காய்ச்சல் கிருமி இரத்தத்தில் பரவும்போதும் வரும். கடைசியில் சொன்னது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். டாக்டர் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததும், இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் இதற்காகத்தான். அது முடிந்த பிறகுதான் "காத்திருக்கலாம்" என்கிற சொல்லுக்கு மதிப்பு. காத்திருப்பது தப்பில்லை, தெரியாமல் காத்திருப்பதுதான் தப்பு.

தங்கச்சி, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள், கட்டில் மேல் குதிப்பது எல்லாம் நிறுத்தம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் யாரையும் இடுப்பில் ஊசி போட விடாதீர்கள். மூக்கில் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, திடீர்த் தலைவலி என்று அழுதாலோ யாரையும் கேட்காமல் கிளம்புங்கள்.

18 அக்டோபர் 2023

என் நெஞ்சில் ரொம்ப நாளாக இருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேடிப் பார்த்தால் வருகிற படங்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ரோஜா நிறத் தோலில் செக்கச்செவேலென்று புள்ளி. நம் பிள்ளைகளின் தோலில் அது அப்படித் தெரியாது. பழுப்பாகத் தெரியும், நாவற்பழக் கறை போலத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. "சிவப்பாக இல்லையே" என்று விட்டுவிடுகிறோம்.

அதனால் நிறம் வெளுத்த இடங்களில் தேட வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், உதட்டின் உட்புறம், மேலண்ணம். டம்ளர் வைத்துப் பார்ப்பதும் அங்கேதான் சுலபம். அப்புறம், கண்ணை விடக் கை நன்றாகச் சொல்லும். புறங்கையால் முதுகைத் தடவுங்கள். உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, கூடவே தொண்டைவலியும் காய்ச்சலும் என்றால் அது தொண்டைக் கிருமி செய்கிற வேலையாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

தட்டம்மையும் உடனே கண்ணில் படாது. முதல் மூன்று நாள் வெறும் காய்ச்சல், இருமல், கண்ணில் நீர். அதற்குப் பிறகுதான் காதுக்குப் பின்னாலும் நெற்றியோரத்திலும் ஆரம்பித்துக் கீழே இறங்கும். தடுப்பூசி அட்டையை எடுத்து எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே கைக்குழந்தைகள் உட்கார்ந்திருக்கும், இது காற்றில் பரவுவது.

23 அக்டோபர் 2023

"நாலு நாள் காய்ச்சல், இன்று விட்டுவிட்டது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக வருகிறது. காய்ச்சல் விட்டதால் அம்மை உள்ளே இருந்து வெளியே தள்ளுகிறது என்கிறார்கள், சரியா?" என்று கேட்டிருப்பவருக்கு.

ஒன்றரை வயதுக் குழந்தை, மூன்று நாள் கடும் காய்ச்சல், விட்டதும் மார்பிலும் முதுகிலும் மெல்லிய தடிப்பு, பிள்ளை தெளிவாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சின்ன வைரஸ், போய்விடும். ஆனால் உங்கள் மகளுக்கு எட்டு வயது, இது மழைக்காலம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள். அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருப்போம், பிள்ளையைச் சாய்ப்பது இந்தக் கசிவு.

அதனால் கேட்க வேண்டியது வேறு. வயிறு வலிக்கிறது என்கிறாளா? வாந்தி நிற்காமல் வருகிறதா? கை கால் ஜில்லென்று இருக்கிறதா? ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லையா? காய்ச்சல் விட்டும் சுருண்டு படுத்திருக்கிறாளா? ஒன்று இருந்தாலும் இப்போதே கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் இன்றே இரத்தம் பாருங்கள். நிலவேம்புக் கஷாயம் கொடுப்பதோ பப்பாளி இலைச்சாறு கொடுப்பதோ உங்கள் விருப்பம், அதைக் கொடுத்துவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

23 அக்டோபர் 2023, இரவு

வயிறு வலி இருக்கிறதாம். கிளம்பிவிட்டார்கள்.

2 நவம்பர் 2023

அந்தப் பாப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று நாள் டிரிப்ஸ். இப்போது கால் முழுக்கச் செவசெவவென்று அரிப்பு, நடுநடுவே வெளிறிய வட்டம் என்று பயப்படுகிறார் அவள் அப்பா. அது டெங்கு தேறும்போது வருகிற தடிப்பு. அரிக்கும், போய்விடும்.

காய்ச்சல் என்று பேச்சு வந்ததால் என் மகன் கதையை எழுதுகிறேன். எங்கள் ஊர் குடியாத்தம் தாண்டி. நிலத்துக்குப் பக்கத்திலேயே வீடு, பையன் பாதி நேரம் வரப்பில்தான் இருப்பான். ஐந்து வயதில், ஒரு மார்கழியில் காய்ச்சல் பிடித்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் வைரல் என்று சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் திரும்பப் போனேன், அதே பதில். ஐந்தாம் நாள் வயிற்றில் மங்கலாகப் புள்ளிகள். "பார்த்தீர்களா, வைரல்தான்" என்றார்கள். ஏழாம் நாள் பிள்ளை மூச்சு வாங்கினான், முகம் உப்பியிருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா முதலில் செய்தது, பையனின் ட்ரவுசரைக் கழற்றச் சொன்னது. அவன் வெட்கப்பட்டு அழுதான். அக்குள், காதுக்குப் பின்னால், தொப்புள், பிட்டம் எல்லாம் பார்த்தார். தொடை இடுக்கில், விதைப்பையை ஒட்டி, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்கவே இல்லையாம் அவனுக்கு. தினமும் குளிப்பாட்டியவள் நான், அந்த மடிப்பை விரித்துப் பார்த்ததில்லை.

ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கிற ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. எல்லாருக்கும் அது இருக்காது, இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். சாதாரணமாகக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் பலவும் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். மருந்து ஆரம்பித்து இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி கேட்டான். அந்த இட்லியை நான் மறக்க மாட்டேன்.

முதலில் பார்த்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு, மறைக்கவில்லை. சட்டையைத் தூக்கி ஸ்டெத் வைத்ததோடு சரி. அன்றிலிருந்து எந்தக் காய்ச்சலோடு எந்தத் தடிப்பு வந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன்: "உடம்பு முழுக்க ஒரு தரம் பார்த்துவிடுங்கள் சார், நாங்கள் நிலத்துப் பக்கம்." ஒருவர்கூட இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

3 நவம்பர் 2023

பேப்பரில் இதை உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு "எங்கள் வீட்டில் மாடும் இல்லை நாயும் இல்லை" என்று ஒருவர் நிம்மதியாக எழுதியிருக்கிறார். மாட்டு உண்ணி வேறு. இது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, புதர் இருந்தால் போதும். மழை முடிந்து குளிர் ஆரம்பிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் அதிகம்.

19 நவம்பர் 2023

அம்மை பற்றிப் பேசினால் மனம் புண்படும் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் கேட்கிறார்கள்.

என் மகளுக்கு விளையாட்டம்மை (சின்னம்மை) போட்டபோது வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிக்கவில்லை. கூழ், இளநீர், வெள்ளரிக்காய். மாமியார் வேப்பிலைக் கொத்தால் வருடிவிட்டார், நகம் படாமல் அரிப்பு அடங்கியது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே விட்டோம். அவள் தனி அறையில் இருந்தாள், வீட்டுக்கு யாரும் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரவவில்லை. இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "அம்மா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்கிற இடத்தில் நான் நிற்பதில்லை. கொப்புளம் ஒன்று மட்டும் தனியாகச் சிவந்து, சூடாகி, வீங்கி வலித்தால். நாலு நாள் கழித்து இறங்க வேண்டிய காய்ச்சல் திரும்ப ஏறினால். மூச்சு வாங்கினால். நடக்கும்போது தள்ளாடினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால். வீட்டில் கர்ப்பிணியோ பச்சைக்குழந்தையோ இருந்தால். இதற்கெல்லாம் மாரியம்மன் தடை சொல்ல மாட்டாள் என்று என் மாமியாரே சொன்னார். அவர் அக்காள் பிள்ளை ஒன்று அந்தக் காலத்தில் அம்மையில் போனது, அதை அவர் மறக்கவில்லை. ஆஸ்பிரின் மட்டும் எக்காரணத்துக்கும் கொடுக்காதீர்கள், அம்மையும் அதுவும் சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும்.

அக்கி எழுதுவதும் அப்படித்தான். குயவர் வீட்டில் காவி மண் குழைத்து எழுதிக்கொள்வது எங்கள் ஊரில் இன்றும் உண்டு. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நெற்றியில், கண்ணோரத்தில், மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் அன்றே கண் டாக்டர். காவி காய்ந்த பிறகு அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கண் போனால் வராது.

20 நவம்பர் 2023

பெரியவர் ஒருவர், "எங்கள் காலத்தில் இத்தனை டெஸ்ட் இல்லை, பிள்ளைகள் வளரவில்லையா?" என்கிறார். ஐயா, வளர்ந்தவர்கள்தான் இங்கே எழுதுகிறோம்.

8 டிசம்பர் 2023

மருந்துக்கடை கிரீம். வட்டமாக அரிக்கிற படர்தாமரைக்கு மூன்று நாலு மருந்து கலந்த டியூப் கொடுப்பார்கள், அதில் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், ஒரு மாதத்தில் தொடை முழுக்க. டாக்டர் பார்க்கும்போது அது எதுவென்று அடையாளமே தெரியாது. தடவியிருந்தால் அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ராத்திரியில் மட்டும் அரிப்பு கூடி, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருந்தால் சிரங்கு. அவசரம் இல்லை, ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், அரிக்காதவர்களும். அது சீழ் பிடித்து ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளையின் முகம் காலையில் உப்பினாலோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, அது சிறுநீரகம். அன்றே போங்கள். தோல் ஆறிவிட்டதே என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே தோன்றாது.

17 ஜனவரி 2024

டம்ளர் பற்றி ஒரு திருத்தம். "அழுத்தினேன், மறைந்தது, நிம்மதி" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மறையாவிட்டால் ஓட வேண்டும் என்றுதான் சொன்னேன். மறைந்தால் ஒன்றுமில்லை என்று பொருள் இல்லை. தட்டம்மை மறையும், டெங்கு ஆரம்பத்தில் மறையும். மூளைக்காய்ச்சல் புள்ளிகூட முதல் சில மணி நேரம் மறையலாம். பிள்ளை வாடிக் கிடந்தால் டம்ளரை எடுக்கவே வேண்டாம், பிள்ளையை எடுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழ் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் தோல் எப்படி இருந்தாலும் போக வேண்டும்.

காணாக்கடி நன்றாக மறையும். திட்டுத் திட்டாக வரும், இங்கே அடங்கி அங்கே எழும்பும், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஒன்றுமே இருக்காது. அதனால் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ. ஆனால் கூடவே உதடு வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுப்பு வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், 108. அரிப்பு மாத்திரை வேலை செய்யட்டும் என்று உட்காராதீர்கள்.

இன்னொன்று, என் நாத்தனார் மகள். ஆறு நாள் காய்ச்சல், கண் சிவப்பு ஆனால் பீளை இல்லை, உதடு வெடித்து லிப்ஸ்டிக் போட்டது போல, உடம்பில் தடிப்பு. எல்லாம் அழுத்தினால் மறைந்தது. தோளில் பிசிஜி ஊசி போட்ட பழைய தழும்பு திடீரென்று சிவந்திருந்ததைப் பார்த்து டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். கவாசாகி நோய். டோக்கியோவில் கவாசாகி என்கிற குழந்தை மருத்துவர் 1961-ல் முதல்முதலாகக் கவனித்தது, அவர் முதலில் பார்த்த பையனுக்கும் நாலு வயதுதான். 1967-ல் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். விட்டுவிட்டால் இதயத்தின் இரத்தக் குழாய் புடைத்துவிடும். காய்ச்சல் ஆரம்பித்த 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்ற வேண்டும். அவளுக்கு ஏழாம் நாள் ஏற்றினார்கள். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதுவரை எல்லாம் சரி. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு தடிப்பு இருந்தால் "வைரல்" என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள், "வேறு என்னவாக இருக்கலாம்?" என்று கேளுங்கள்.

9 பிப்ரவரி 2024

முதலில் கேட்ட தங்கச்சி இன்று எழுதியிருக்கிறார். பையனின் பிளேட்லெட் நவம்பரில் 38,000, பொங்கலுக்கு 96,000, நேற்று 1,72,000. சைக்கிளைத் தொடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாலு மாதமாகக் கட்டிலுக்குக் கீழே இருந்த சைக்கிளை அவனே இழுத்துத் துடைத்து வைத்திருக்கிறான். கால் முட்டியில் நேற்றே ஒரு சிராய்ப்பு. அத்தை மஞ்சள் தடவியிருக்கிறார், இந்தத் தடவை சரிதான்.